ஒன்பது கையெழுத்தும் ஒரு கைரேகையும்: ஒரு சுயேச்சை வேட்புமனு தள்ளுபடியான விதம்

2021 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில், நகரத்தை ஒட்டிய ஒரு பொதுத் தொகுதியில் நடந்தது இது. வேட்பாளருக்குக் காகித வேலை முழுவதும் பார்த்தவன் நான். அதனால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. ஆட்களின் பெயரையும் தொகுதியின் பெயரையும் விட்டுவிட்டேன். தேதிகளும் சட்டப் பிரிவுகளும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

வேட்பாளருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். சொந்தமாகச் சிறு தொழில். ஏரி ஆக்கிரமிப்பு விஷயமாக ஏழெட்டு வருடங்களாக மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர். 234 பேர் உட்காரும் அவையில் தனக்கு ஓர் இடம் கிடைத்துவிடும் என்று அவர் நம்பவில்லை. ஒரு மாதம் மைக் பிடித்து ஏரியைப் பற்றிப் பேசலாம், வாக்குச் சீட்டில் பெயர் வரும், அப்புறம் அதிகாரிகள் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்பதுதான் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. மார்ச் 12 முதல் 19 வரை மனு தாக்கல், 20 பரிசீலனை, 22 வாபஸ் பெறக் கடைசி நாள், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. கட்சிக்காரர்களுக்கு இந்த ஒரு வாரம் போதும். அவர்களிடம் வழக்கறிஞர் அணி இருக்கிறது, முந்தைய தேர்தலின் கோப்பு இருக்கிறது. எங்களிடம் இருந்தது என் மடிக்கணினியும் ஒரு ஜெராக்ஸ் கடையின் தொலைபேசி எண்ணும்தான்.

பத்துப் பேர் என்ற விதி

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். வேட்புமனுப் படிவமான 2பி-யின் இரண்டாம் பகுதியில் ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண், முழுப் பெயர், கையெழுத்து, தேதி எல்லாம் வர வேண்டும்.

இந்த விதி ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலே தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பத்து முன்மொழிபவர்கள் என்ற நிபந்தனையையும் வைத்தார்கள். 2009-இல் வந்த திருத்தத்தில் டெபாசிட் 10,000 ஆனது. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி.

பத்தாயிரத்தை எப்படியும் புரட்டிவிடலாம். பத்துப் பேரை நிறுத்துவது அப்படியல்ல. யாரை எதிர்த்து நிற்கிறோமோ அவர்களிடம் வேலைக்கோ சான்றிதழுக்கோ போய் நிற்க வேண்டியவர்கள்தான் அந்தப் பத்துப் பேரும்.

தயாரிப்பு: எதற்குப் பயந்தோம்

எங்களுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. இரண்டுக்கும் நன்றாகவே தயாரானோம்.

முதல் பயம் எல்லை. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு எங்கள் பகுதியில் பிரதான சாலையின் ஒரு பக்கம் ஒரு தொகுதி, மறுபக்கம் இன்னொரு தொகுதி. வேட்பாளரின் வீடே மறுபக்கத்தில்தான். அதில் சிக்கல் இல்லை. மாநிலத்தில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்து, 25 வயது நிரம்பியிருந்தால் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். தன் பெயர் உள்ள பட்டியலின் சான்றிட்ட நகலை மட்டும் காட்ட வேண்டும். அதை வாங்க நான்கு நாள் அலைந்து, 17-ஆம் தேதி கையில் பெற்றோம். முன்மொழிபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. முதலில் எழுதி வைத்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் சாலைக்கு அந்தப் பக்கம் என்பது பட்டியலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அதில் ஒருவர் வேட்பாளரின் சொந்த மைத்துனர். மூவரையும் நீக்கி வேறு மூவரைச் சேர்த்தோம். ஒவ்வொரு பெயரையும் துணைப் பட்டியலோடு இரண்டு முறை ஒப்பிட்டேன்.

இரண்டாவது பயம், கையெழுத்துப் போட்டவர் பிறகு மறுத்துவிடுவது. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு அப்படித்தான் போனது. முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். அது எங்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதனால் ஒவ்வொருவரும் கையெழுத்திடும்போது என் கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். முகம், படிவம், கை மூன்றும் தெரிய வேண்டும் என்று கோணம் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.

பிரமாணப் பத்திரத்தையும் ஒழுங்காகவே செய்தோம். படிவம் 26-இல் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக் கூடாது என்பது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். பொருந்தாத இடத்தில் எல்லாம் ‘இல்லை’ என்று எழுதினோம். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று.

கைரேகை பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

மார்ச் 18, இரவு

மாலை ஆறு மணிவாக்கில் ஒருவர் கூப்பிட்டு, “அண்ணே, என் பேரை எடுத்துடுங்க, வீட்டுல பிரச்சினை ஆகுது” என்றார். என்ன பிரச்சினை என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. எட்டு மணிக்கு இன்னொருவர். கையில் இருந்த உபரி ஆட்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வெளியூர் போயிருந்தார். ஆக ஒன்பது.

வேட்பாளரின் தெருவுக்கு எதிர்ப்பக்கம், அதாவது தொகுதிக்குள், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா இருந்தார். ஏரி விஷயத்தில் முதல் மனுவிலிருந்து கூட வந்தவர். “எனக்கு என்னப்பா பயம், எழுதிக்கோ” என்றார். பட்டியலில் அவர் பெயரைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. புதிய படிவத்தில் மற்ற ஒன்பது பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போகும்போது இரவு பத்தேகால். திண்ணையில் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. பேனாவைக் கொடுத்ததும் வாங்கி, கட்டத்தைப் பார்த்துவிட்டு, “கை நடுங்குது தம்பி. கோணலாப் போயிட்டா உங்க பேப்பர் கெட்டுடுமே” என்றார்.

அந்த நிமிடத்தில்தான் தவறு நடந்தது. என் பையில் ஸ்டாம்ப் பேட் இருந்தது. “கவலைப்படாதீங்க ஆயா, ரேகை வெச்சிடுங்க” என்று நானே எடுத்து நீட்டினேன். இடது கை கட்டை விரலைப் பிடித்து அழுத்தியதும் நான்தான். ரேகை அழகாக, ஒரு கோடுகூடக் கலையாமல் விழுந்தது. வீடியோவும் எடுத்தேன். படிவத்தில் இருந்த பத்தில் அதுதான் மிகத் தெளிவான குறி என்று வேட்பாளரிடம் சொன்னதாகவும் ஞாபகம்.

மார்ச் 19, மனு தாக்கல்

கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று வேட்பாளரின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொகுதியில் இருந்த மற்ற வேட்பாளர்களின் வீடுகளிலும் அதே பேச்சுதான் நடந்திருக்கும் போல. பன்னிரண்டரைக்கு அலுவலக வாசலில் ஒரே கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் முறை வரும்போது மணி 2.10.

கொரோனா காலம் என்பதால் வேட்பாளரோடு இரண்டு பேர் மட்டும் உள்ளே போகலாம் என்றிருந்தது. முன்மொழிந்தவர்கள் யாரும் வர வேண்டும் என்று சட்டம் கேட்பதுமில்லை. நானும் ஒரு நண்பரும் போனோம்.

அலுவலர் ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பிரமாணப் பத்திரம் இருக்கிறது, சான்றிட்ட நகல் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது, டெபாசிட் கட்டியாயிற்று. பத்துப் பேரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. கைரேகையை அவர் கண்டார் என்றுதான் நினைக்கிறேன். பேனா அந்த வரியில் கொஞ்சம் நின்றது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33-ஆவது பிரிவை எடுத்துப் படித்தேன். மனுவை வாங்கும் நேரத்தில் பெயர்களும் பட்டியல் எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் அங்கே சொல்லப்பட்ட கடமை. மனு செல்லுமா செல்லாதா என்பது அடுத்த நாள் வேலை. மேஜையில் விழுந்த டிக்கை நாங்கள் தேர்ச்சியாக எடுத்துக்கொண்டது எங்கள் புரிதல் பிழை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

மனுவைக் கொடுத்த கையோடு வேட்பாளர் உறுதிமொழியும் எடுத்துக்கொண்டார். அதைப் பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்தாக வேண்டும், அதுவும் மனு கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும். வெளியே வரும்போது மணி 2.40. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஆயாவின் வீட்டிலிருந்து அந்த அலுவலகம் ஆட்டோவில் பத்து நிமிடம்.

மார்ச் 20, பரிசீலனை

எங்கள் மனு எடுக்கப்பட்டதும் ஒரு கட்சி வேட்பாளரின் சார்பில் வந்திருந்த வழக்கறிஞர் எழுந்தார். பத்தாவது முன்மொழிபவர் கையெழுத்திடவில்லை, ரேகை வைத்திருக்கிறார். அதை எந்த அலுவலரும் சான்றொப்பம் செய்யவில்லை. ஆகவே முன்மொழிந்தவர்கள் ஒன்பது பேர்தான். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார். முப்பது நொடிகூட ஆகவில்லை.

தேர்தல் நடத்தும் அலுவலர் தேர்தல் நடத்தை விதிகள், 1961-ஐ எடுத்து 2-ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவைப் படித்தார். பெயர் எழுதத் தெரியாதவர் வைக்கும் குறி எப்போது கையெழுத்தாகும் என்று அது சொல்கிறது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையிலோ, ஆணையம் குறிப்பிட்ட வேறு அலுவலர் முன்னிலையிலோ வைத்திருக்க வேண்டும். அந்த அலுவலர் ஆளை அடையாளம் கண்டு, அது அவர் வைத்த குறிதான் என்று சான்றளிக்க வேண்டும். திண்ணையில் என் முன்னிலையில் வைத்தது அந்தக் கணக்கில் வராது.

நான் கைப்பேசியைக் காட்டினேன். ஆயாவையே அழைத்து வருகிறோம் என்றோம். ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல அடுத்த நாளுக்கு மறுநாள் வரை அவகாசம் தர மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது என்றும் கேட்டுப் பார்த்தோம். “அவகாசம் ஆட்சேபத்தை மறுக்கத்தான் சார். குறையைச் சரி செய்ய இல்ல. நேத்து மூணு மணிக்கு அது முடிஞ்சிடுச்சு” என்றார் அலுவலர். இருந்தாலும் மதியம் வரை தள்ளி வைத்தார்.

ஆயா ஆட்டோவில் வந்து இறங்கினார். “நான்தாங்க ஐயா வெச்சேன், யாரும் ஏமாத்தல” என்றார். அலுவலர் அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, அவர் சொன்னதை எழுதி, கீழே கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். ஆயா பேனாவை வாங்கி, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கோணல்தான். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் யார் பார்த்தாலும் படிக்கலாம்.

அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முந்தாநாள் இரவு நான் அந்த ஸ்டாம்ப் பேடை எடுக்காமல் இருந்திருந்தால், இதே கோணல் கையெழுத்து 2பி-யில் இருந்திருக்கும். மனுவும் நின்றிருக்கும்.

கடைசியாக ஒரு வாதம் வைத்தோம். முக்கியத்தன்மை இல்லாத குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று 36(4) சொல்கிறது, ரேகை அவருடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆகவே இது சிறு குறை. அலுவலர் ஏற்கவில்லை. பத்துக்கு ஒன்று குறைந்தால் அது 33-ஆவது பிரிவையே நிறைவேற்றாததாகும், அதை எழுத்துப்பிழை மாதிரி பார்க்க முடியாது என்று காரணத்தை எழுதி மனுவை நிராகரித்தார். அவர் எழுதிய காரணம் ஒன்றரைப் பக்கம். சான்றிட்ட நகல் கேட்டோம், கொடுத்தார்கள்.

வழக்குப் போடுவதா

அன்று மாலையே ஆளாளுக்கு “ஹைகோர்ட்டுக்குப் போங்க, ஸ்டே வாங்குங்க” என்றார்கள். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். தேர்தல் நடுவே நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நாடு முழுமைக்கும் பதில் வந்ததே நம் ஊர் வழக்கில்தான். முதல் பொதுத்தேர்தலின்போது, அன்றைய மதராஸ் சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் போட்ட மனு நிராகரிக்கப்பட்டது. மனுதாரரான பொன்னுசாமி ரிட் மனுவோடு உச்ச நீதிமன்றம் வரை போனார். ‘தேர்தல்’ என்றால் அறிவிக்கை முதல் முடிவு வரை உள்ள முழு நடைமுறையும்தான், நடுவில் நீதிமன்றம் தலையிடுவதை அரசியலமைப்பின் 329(பி) தடுக்கிறது, குறை இருந்தால் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவாகக் கொண்டு வா என்று 1952 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இன்றும் அதுதான் நிலை.

ஆக, ஏப்ரல் 6-க்கு முன் செய்ய ஒன்றுமில்லை. முடிவு வந்த பிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒருவருடைய மனுவைத் தவறாக நிராகரித்தார்கள் என்று நிரூபித்தால், வென்றவரின் தேர்தலே செல்லாமல் போகும். அதனால் முடிவு மாறியிருக்குமா என்று காட்டத் தேவையில்லை. அந்த 2021 தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குதான். எங்கள் தொகுதியில் ஐந்து இலக்கம். இந்தக் காரணத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேட்பாளருக்கு ஆசை வந்தது. நான் வேண்டாம் என்றேன், வழக்கறிஞரும் அதையே சொன்னார். நிராகரிப்பு தவறாக நடந்திருந்தால்தானே? விதி தெளிவாக இருக்கிறது. அதுவும் ஆயாவே எல்லோர் முன்னாலும் பெயரை எழுதிக் காட்டிவிட்டதால், ‘எழுதத் தெரியாதவர்’ என்ற விதியின் நிழல்கூட எங்களுக்கு இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அவரும் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு

போட்டியிடும் வேட்பாளர் பட்டியலில் பெயர் வராததால் டெபாசிட் பத்தாயிரமும் திரும்பி வந்தது. களத்தில் நின்று பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர்கள்தான் அதை இழப்பார்கள். நோட்டரி, ஜெராக்ஸ், வண்டி, அச்சடித்து வீணான துண்டறிக்கை எல்லாம் கைக்காசு. வேறு வேட்பாளருக்கு ஆதரவு கேட்டு இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் வந்தது. அவர் யாருக்கும் ஆதரவு சொல்லவில்லை. ஏப்ரல் 6 அன்று சாலைக்கு மறுபக்கம், தன் தொகுதியில் போய் வாக்களித்துவிட்டு வந்தார்.

ஆயாவைச் சமாதானப்படுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னால்தான் கெட்டுப்போனது என்றே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை ஆயா, நான்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் தலையை ஆட்டுவார், நம்ப மாட்டார்.

இன்னொரு முறை என்றால்

இந்த வேலையை மறுபடி செய்தால் முதலில் மாற்றுவது மனு செட்டுகளின் எண்ணிக்கையைத்தான். ஒரு வேட்பாளர் ஒரு தொகுதியில் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே போதும். முன்மொழிந்தவரே இன்னொரு செட்டிலும் கையெழுத்திடத் தடை இல்லை. அதாவது எங்கள் ஒன்பது பேரும் இரண்டாவது தாளிலும் போட்டிருக்கலாம், பத்தாவது இடத்துக்கு வேறு ஓர் ஆள் மட்டும் தேடியிருந்தால் போதும். வெளியூர் போன அந்த உபரி ஆள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஊர் திரும்பியிருந்தார். பத்துப் பேர் கிடைத்ததே பெரிது என்ற களைப்பில் நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்தது நாள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னாலாவது ஒரு செட்டைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதன் நகலைத் தேர்தல் வேலை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, எதிராளியின் ஆளாக நினைத்து ஆட்சேபம் தேடச் சொல்ல வேண்டும். எங்கள் படிவத்தை வெளியாள் ஒருவர் முதன்முதலாகக் குறை தேடும் கண்ணோடு பார்த்தது பரிசீலனை அறையில்தான். ராகு காலத்தை மதிப்பவர்கள் தாராளமாக மதிக்கலாம், திங்கட்கிழமை அது காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும்.

கையெழுத்து விஷயத்தில் பேனா மட்டும்தான். கை நடுங்கினாலும் கோணலானாலும் எழுத்து விட்டுப்போனாலும் அவர் எழுதுவதே போதும். உண்மையிலேயே எழுதத் தெரியாதவர் முன்மொழிய விரும்பினால், அவரை வண்டியில் ஏற்றித் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறைக்கு அழைத்துப் போய், அங்கே ரேகை வைக்கச் செய்து, சான்றொப்பம் வாங்கிய பிறகே தாளைக் கொடுக்க வேண்டும். ஸ்டாம்ப் பேட் இப்போது என் பையில் இல்லை.